ஒரு விரல்ல காட்டுடா தம்பி

எங்க பெரியப்பா ஒரு தீப்பெட்டிக்குள்ள தன்னோட எலும்பை வச்சிருந்தாரு. அம்மாப்பேட்டையில எங்க பழைய வீட்டுல, குழித்தறிக்குப் பக்கத்து மாடத்துல, விளக்குக்குப் பின்னாடி அந்தத் தீப்பெட்டி இருக்கும். திறந்தா பஞ்சு மேல மூணு நாலு துண்டு, நொய்யரிசியை விடக் கொஞ்சம் பெருசு, ஒண்ணு மட்டும் வெள்ளரி விதை நீளத்துக்கு, மஞ்சளும் சாம்பலுமா, ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி. அவரோட வலது கால்ல முழங்காலுக்குக் கீழ ஒரு ஓட்டை இருந்துச்சு, வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ அதுல இருந்து இந்த மாதிரி சில்லு வெளிய வரும். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே காய்ச்சல் அடிக்கும், ஓட்டை மூடிக்கும், சுத்தி வீங்கும், அப்புறம் ஒடைஞ்சு சீழ் வரும், சீழோட சில்லும் வரும், வந்ததும் வலி கொறைஞ்சு திரும்பப் போயி தறிக்குழியில உக்காந்துக்குவாரு. மிதிப்பலகையை இடது காலாலதான் அதிகமா மிதிப்பாரு, அதனால அவர் நெய்யுற தறிச் சத்தமே வேற மாதிரி கேக்கும், தெருவுல வரும்போதே பெரியப்பா தறின்னு எங்களுக்குத் தெரியும்.

அது அவருக்கு பன்னெண்டு வயசுல வந்ததாம். புளியமரத்துல இருந்து விழுந்தானா, யாராவது எட்டி உதைச்சாங்களான்னு ஆயாவுக்கே சரியா ஞாபகமில்ல. ஆனா மறுநாள் ராத்திரி காய்ச்சல் வந்ததும், காலைக் கீழ ஊனாமக் கத்துனதும், மந்திரிச்சதும், வேப்பெண்ணெய் போட்டு உருவுனதும், பத்து நாள் கழிச்சு கால் வீங்கித் தானா ஒடைஞ்சதும், ஆயா ஒண்ணு விடாமச் சொல்லும். கடைசியில "அப்படியே புரையோடிப் போச்சு சாமி"ன்னு முடிக்கும். ஊழலைப் பத்திப் பேசுறவங்க இன்னிக்கும் சொல்ற அந்த வார்த்தையை நான் முதல்ல கேட்டது பெரியப்பா காலைப் பத்தித்தான். மேல தோல்ல சின்னதா ஒரு ஓட்டை, உள்ள எலும்பு வரைக்கும் போற குழாய், அதுதான் புரை.

இதை இப்ப எழுதுறதுக்குக் காரணம் வேற ஒரு பையன். பேரு வேண்டாம், என் ஸ்டூடண்ட். நான் பி.டி. வாத்தியார், அஸ்தம்பட்டியில வீடு, காலைல பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவும் சுத்தி ஏற்காடு போயி அங்கிருந்து இன்னொரு பஸ் மாறணும், மலை மேல ஒரு ஸ்கூல். பையன் எட்டாவது படிச்சான், வயசு 13, கபடியில ரைடு போனா சர்ருன்னு போயி தொட்டுட்டு வந்துருவான். அம்மா அப்பா ரெண்டு பேரும் எஸ்டேட்ல வேலை, டிசம்பர்ல காப்பிப் பழம் பறிக்கிற சீசன், லீவு நாள்ல இவனும் போவான், போயிட்டு வந்தா கையெல்லாம் செடிக் குச்சி கீறுன கீறலா இருக்கும். அந்தத் தடவை முழங்கை கிட்ட ஒரு கீறல் புண்ணாகி சீழ் வெச்சு பொருக்குத் தட்டி இருந்ததை நான் பார்த்தேன், மஞ்சள் வெச்சிருந்தான், மலையில எந்தப் பையன் கையிலதான் புண்ணில்லன்னு நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

ஒரு திங்கக்கிழமை பிராக்டிஸ்ல எதிர் டீம் பையனோட குதிகால் இவன் முழங்காலுக்குக் கீழ பட்டுச்சு, பெரிய அடி இல்ல, எந்திரிச்சுத் தொடர்ந்து விளையாடினான். செவ்வாய்க்கிழமை நொண்டிக்கிட்டு வந்தான். நான் வலி ஸ்ப்ரே அடிச்சு விட்டு, கிரேப் பேண்டேஜ் சுத்தி, "சுளுக்குதான்டா, ரெண்டு நாள் ஓடாத, தானா சரியாயிடும்"னு அனுப்பிட்டேன். பதினெட்டு வருஷமா இதையே ஆயிரம் பிள்ளைங்க கிட்ட சொல்லியிருப்பேன், பெரும்பாலும் சரியாத்தான் போயிருக்கு, அதனாலதான் அன்னிக்கும் வாயில அதே வந்துச்சு. புதன்கிழமை அவன் வரல. வியாழக்கிழமையும் வரல. சளிக்காய்ச்சல்னு பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லுச்சு, மார்கழிப் பனியில பாதி கிளாஸுக்கே அப்ப காய்ச்சல்தான்.

சனிக்கிழமை நான் அந்த ஊருக்குப் போனது அவனைப் பார்க்க இல்ல, டீம் ஜெர்சி அவன்கிட்ட இருந்துச்சு, வாங்கத்தான் போனேன். இதை நினைச்சா இன்னும் எனக்கு மனசு கனக்குது.

அவங்க வீடு ரெண்டு ரூம், தகரக் கூரை. பையன் கட்டில்ல படுத்திருந்தான், காலை லேசா மடக்கி, வெளிப்பக்கமாச் சாய்ச்சு வெச்சு, அசையாம இருந்தான். அந்த வயசுப் பையன் நான் உள்ள வந்தும் எந்திரிக்கல, சிரிக்கல, கண்ணு மட்டும் திரும்புச்சு. நெத்தியில கை வெச்சா சுட்டுச்சு. அம்மா சொன்னாங்க, "புதங்கிழமை ராத்திரியில இருந்து காய்ச்சலுங்க சார், மாத்திரை குடுத்தா ரெண்டு மூணு மணி நேரம் விடுது, மறுபடியும் வந்துருது. வியாழக்கிழமை சுளுக்கு எடுக்கறவருகிட்ட கூட்டிட்டுப் போயி எண்ணெய் போட்டு உருவுனோமுங்க, புள்ள கத்துன கத்துல எனக்கே தாங்கலீங்க. நேத்து டவுனுக்குப் போயி எக்ஸ்ரே எடுத்தோமுங்க, எலும்பு நல்லாருக்குது ஒடையலன்னு சொல்லி வலி மாத்திரை குடுத்தாங்க." எக்ஸ்ரேவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல காட்டுனாங்க. எனக்கு என்ன தெரியும், கோடு கீடு ஒண்ணும் இல்ல, பளிச்சுன்னு இருந்துச்சு.

அப்ப நான் ஏதோ தோணி, "எங்கடா வலிக்குது, ஒரு விரல்ல காட்டுடா தம்பி"ன்னு கேட்டேன்.

ஆள்காட்டி விரலை நீட்டி, கால் மேல வைக்காம, ஒரு இன்ச் மேலயே நிறுத்தினான். தொட பயம். முழங்காலுக்குக் கீழ ரெண்டு விரக்கடை தள்ளி, முன் எலும்புல, ஒரே ஒரு இடம். நான் என் விரல் நுனியால மெதுவா சுத்துப்பக்கம் அழுத்திப் பார்த்தேன், கணுக்கால் பக்கம் அழுத்தினா ஒண்ணுமில்ல, ஆடுசதையில ஒண்ணுமில்ல, முழங்காலை நானா கொஞ்சம் மடக்கினாக்கூட முகம் சுளிச்சான் ஆனா விட்டான், அந்த ஒரு இடத்துக்கு வந்ததும் உடம்பு மொத்தமும் தூக்கிப் போட்டுச்சு. அதுக்கு மேல தோலு செவக்கல, பெருசா வீக்கம்கூட இல்ல, லேசா மினுமினுன்னு இருந்துச்சு, புறங்கையை வெச்சுப் பார்த்தா மத்த காலை விட இந்தக் கால் சூடு. அந்த இடம், அப்படியே பெரியப்பாவோட ஓட்டை இருந்த இடம். எனக்கு அந்தத் தீப்பெட்டி கண்ணுக்கு முன்னாடி வந்துருச்சு.

ஒரு தலகாணியை காலுக்கு அடியில வெச்சு, ரெண்டு துண்டால மேலயும் கீழயும் கட்டி, தெரிஞ்சவர் ஜீப்பை வரவழைச்சு அன்னிக்கு சாயங்காலமே கீழ எறக்கினோம். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி திரும்பும்போது அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு மூச்சை இழுப்பான், அம்மா தலகாணியைப் பிடிச்சுக்கும், நான் வளைவு எண்ணிக்கிட்டு வந்தேன், எப்பவும் எண்ணாதவன். ராத்திரி எட்டரைக்கு சேலம் ஜி.ஹெச்.

அங்க டியூட்டியில இருந்த எலும்பு டாக்டர் சின்ன வயசுதான், ஆனா கேட்ட கேள்வி எல்லாம் நேரா இருந்துச்சு. காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது, காலை ஊனுறானா, ராத்திரி வலியில முழிக்கிறானா, உடம்புல எங்கயாவது புண்ணு, கட்டி, பல்லு வலி, தொண்டை வலி இருந்துச்சா, ஆண்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா. நான் முழங்கைப் பொருக்கைக் காட்டினேன். அவரும் அதேதான் பண்ணினாரு, ஒரு விரல்ல காட்டச் சொன்னாரு. அப்புறம் ரத்தம் எடுத்தாங்க. ஆண்டிபயாடிக் ஊசி போடுறதுக்கு முன்னாடி, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்டுக்கு எடுக்கணும்னு நர்ஸ்கிட்ட அழுத்திச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஊசி போட்ட பிறகு எடுத்தா எந்தக் கிருமின்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமாயிடும், கிருமி எதுன்னு தெரியாம நாலஞ்சு வாரம் மருந்து குடுக்கிறது இருட்டுல கல்லெறியுற மாதிரின்னாரு. மெடிக்கல் ஷாப்ல நாமளா ரெண்டு ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுறோமே, அதுவும் இதைத்தான் கெடுக்கும், காய்ச்சலை பாதி அமுக்கி நோயை மறைச்சு வெச்சிடும்.

உடம்புல தொற்று, அழற்சி இருந்தா ஏறுற சி.ஆர்.பி.ன்னு ஒரு ரத்த டெஸ்ட், நார்மலா ஒற்றை இலக்கத்துக்குள்ள இருக்க வேண்டியது அவனுக்கு 140க்கு மேல. அதே மாதிரி இன்னொரு டெஸ்ட் ஈ.எஸ்.ஆர்., அதுவும் ஏறி 80 கிட்ட. ஆனா வெள்ளை அணு எண்ணிக்கை மட்டும் கிட்டத்தட்ட நார்மல், அதை மட்டும் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிடக் கூடாதாம், எலும்புல தொற்று இருக்கிற பிள்ளைங்க நிறைய பேருக்கு அது ஏறுறதே இல்ல. மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. எலும்புக்குள்ள தொற்று, எலும்பு மேல இருக்கிற சவ்வுக்கு அடியில கொஞ்சம் சீழ். ஆஸ்டியோமைலைட்டிஸ்னு பேரு.

நான் எக்ஸ்ரேவைக் காட்டி, முந்தாநாள் வரைக்கும் நல்லாருந்த எலும்பு ரெண்டே நாள்ல எப்படி டாக்டர்னு கேட்டேன். அப்ப அவர் சொன்னதுதான் இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்குத் தெரியாமப் போன விஷயம். எலும்புல சுண்ணாம்புச் சத்து பாதிக்குப் பக்கத்துல கரைஞ்சாத்தான் எக்ஸ்ரேல தெரியும், அதுக்கு 10 நாள்ல இருந்து 14 நாள் ஆகும். அதுக்குள்ள எடுத்த எக்ஸ்ரே எலும்பு முறியலன்னு சொல்லும், வேற சில நோய் இல்லன்னு சொல்லும், தொற்று இல்லன்னு சொல்லாது. அதனால காய்ச்சலோட கால் வலி இருக்கிற பிள்ளைக்கு முதல் வாரத்து எக்ஸ்ரே நல்லாருக்குன்னா வீட்டுக்குப் போயிடக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேல தப்பே இல்ல, அதுல தெரியாததை இல்லன்னு எடுத்துக்கிட்டதுதான் தப்பு.

எப்படி உள்ள போச்சு, வெளிக்காயமே இல்லயேன்னு கேட்டேன். அவர் என் ஊரைக் கேட்டாரு, தினமும் ஏற்காடு போறேன்னதும் சிரிச்சுட்டு சொன்னாரு, "அப்ப உங்களுக்கு ஈஸியாப் புரியும் சார்." வளர்ற பிள்ளைங்களோட நீள எலும்புல, நுனிக்குப் பக்கத்துல, எலும்பு நீளமா வளர்ற இடமான வளர்ச்சித் தட்டுக்குக் கீழ இருக்கிற இடத்துல, சின்னச் சின்ன ரத்தக் குழாய்ங்க மேல போயி கொண்டை ஊசி வளைவு மாதிரி திரும்பிக் கீழ எறங்குதாம். பிளைன்ஸ்ல எண்பதுல வந்த பஸ் வளைவுல முதல் கியருக்கு வர்ற மாதிரி ரத்தம் அந்த இடத்துல மெதுவாயிடும். தோல்ல இருந்த புண்ணு வழியாவோ வேற எப்படியோ ரத்தத்துல கலந்த கிருமி, ஓடிக்கிட்டே இருக்கிற வரைக்கும் பெருசா ஒண்ணும் பண்ணாது, மெதுவான இடத்துல எறங்கித் தங்கிடும். அதனாலதான் முழங்காலுக்கு மேல, முழங்காலுக்குக் கீழ, தோள் கிட்ட, இடுப்பு கிட்டன்னு வளர்ற நுனிகள்லதான் இது அதிகமா வருது, பெரியவங்களை விட பிள்ளைங்களுக்கு அதிகமா வருது, பொம்பளப் பிள்ளைங்களை விட ஆம்பளப் பசங்களுக்கு அதிகம். அடி பட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, நிறைய பிள்ளைங்க கிட்ட விசாரிச்சா சின்னதா ஒரு அடி பட்ட கதை இருக்குமாம். அந்த அடி கிருமிக்கு இடம் பண்ணிக் குடுத்துச்சா, இல்ல நம்ம கவனத்தைத் திருப்பி விட்டுச்சான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அடி பட்டது உண்மைங்கிறதுனாலயே எல்லாரும் சுளுக்குன்னு நம்பிடுறோம்.

கிருமி, கல்ச்சர்ல வந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நம்ம தோல்லயும் மூக்குலயும் சாதாரணமா இருக்கிறது, கட்டி வர வைக்கிற அதே ஆள். 1880லயே லூயி பாஸ்டர் ஒரு சாதாரண கட்டியோட சீழையும் எலும்புத் தொற்றோட சீழையும் பார்த்துட்டு ரெண்டுலயும் ஒரே கிருமின்னு கண்டு, இது எலும்பு மஜ்ஜையில வர்ற கட்டிதான்னு சொன்னாராம். எனக்கு அந்த ஒரு வரியிலயே எல்லாம் புரிஞ்சுருச்சு. தோல் மேல கட்டி வந்தா வீங்க இடம் இருக்கு, எலும்புக்குள்ள வந்தா வீங்க இடமில்ல, கல்லு மாதிரி சுவர், உள்ள அழுத்தம் ஏறும், அதான் அந்த வலி, அதான் ராத்திரியும் விடாது. அழுத்தம் ஏற ஏற ரத்தம் போறது நின்னு எலும்பு உள்ளயே செத்துப்போகும். செத்த துண்டுக்கு மருந்து போயி சேராது, உடம்பு அதை வெளிய தள்ளப் பார்க்கும். பெரியப்பா தீப்பெட்டியில இருந்தது அந்தத் துண்டுங்கதான்.

அடுத்த நாள் சின்ன ஆபரேஷன் பண்ணி சீழை எடுத்தாங்க, டாக்டர் கையில காட்டினது ரெண்டு ஸ்பூனுக்கு மேல இருக்காது. அந்த ரெண்டு ஸ்பூன் வெளிய வந்த ராத்திரி பையன் ஏழு மணி நேரம் தூங்கினான், அஞ்சு நாளா தூங்காதவன். அம்மா தரையில உக்காந்து கட்டில் கால்ல சாஞ்சு அவங்களும் தூங்கிட்டாங்க. பத்து நாள் நரம்பு வழியா ஊசி மருந்து, சி.ஆர்.பி. நல்லா எறங்கினதும் மாத்திரைக்கு மாத்தி, மொத்தம் ஆறு வாரம். சீக்கிரம் கண்டுபிடிச்ச பிள்ளைங்களுக்கு மூணு நாலு வாரத்துல முடிச்சுடுவாங்களாம், சிலருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. இதுல நான் வாத்தியார் வேலை பண்ணினேன். மாத்திரை அட்டையை தினமும் ஸ்கூல் நேரத்துக்கு என் டேபிளுக்குக் கொண்டு வரச் சொல்லி எண்ணினேன், ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம் வலி சுத்தமாப் போயிடும், வீட்டுல நிறுத்திடுவாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அவர் சொன்ன மாதிரியே மூணாவது வாரம் அப்பா, "நல்லாத்தானே சார் இருக்கான், எதுக்கு இன்னும் மாத்திரை, சூடு"ன்னாரு. நான் அவருக்கு பெரியப்பா கதையைச் சொன்னேன். அதுக்கப்புறம் அவர் பேசல.

அதுல இருந்து நான் பிள்ளைங்க கால் வலியைப் பார்க்கிற விதமே மாறிப்போச்சு. வளர்ச்சி வலின்னு ஒண்ணு இருக்கு, உண்மையிலயே இருக்கு, நாலு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் நிறைய பிள்ளைங்களுக்கு வரும், ஆடி முடிச்ச சாயங்காலம் இல்லன்னா ராத்திரி வலிக்கும், பெரும்பாலும் ரெண்டு கால்லயும், எங்கன்னு கேட்டா உள்ளங்கையால தொடையையும் ஆடுசதையையும் முழுசாத் தடவிக் காட்டுவாங்க, அம்மா அமுக்கி விட்டா சுகமா இருக்கும், காலைல எந்திரிச்சு ஓடிருவாங்க, நொண்ட மாட்டாங்க, காய்ச்சல் இருக்காது. இந்தப் பையன் இதுல ஒவ்வொண்ணுக்கும் நேர் எதிர். ஒரு கால். ஒரு இடம். அமுக்கினா கத்துவான். காலைலயும் வலி. நொண்டி, அப்புறம் ஊனவே இல்ல. காய்ச்சல். இதுல ஒண்ணு ரெண்டு இருந்தாலே அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், காய்ச்சலும் காலை ஊனாததும் சேர்ந்து வந்தா ஆஸ்பத்திரிக்கே போயிடணும், ராத்திரின்னாலும் சரி. காய்ச்சல் இல்லாமலும் ஒரே இடத்துல விடாம ராத்திரி ராத்திரி வலிக்குதுன்னாலும் விடக் கூடாது, தொற்று மெதுவா வந்தாலும் அப்படித்தான் இருக்கும், ரத்தப் புற்றுநோயும் எலும்புக் கட்டியும்கூட சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான் ஆரம்பிக்குது. பயமுறுத்தச் சொல்லல, பார்த்து இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டா நிம்மதிதானே.

இடுப்பு மூட்டு விஷயத்துல இன்னும் அவசரம் அதிகம். காய்ச்சலோட பிள்ளை தொடையை அசைக்கவே விடலன்னா, டயப்பர் மாத்துறப்போ, ஜட்டி போடுறப்போ காலை விரிச்சா வீல்னு அழுதா, அது மூட்டுக்குள்ள சீழா இருக்கலாம். மூட்டுக்குள்ள சீழ் நின்னா குருத்தெலும்பு நாள் கணக்குல அரிச்சுப்போயிடும், அதை மணிக் கணக்குல பார்க்கணும். சளி பிடிச்சுப் போன பிறகு ரெண்டு நாள் நொண்டி தானா சரியாகுற சாதா மூட்டு வீக்கமும் சின்னப் பிள்ளைங்களுக்கு உண்டு, ஆனா எது எதுன்னு நாம வீட்டுல உக்காந்து முடிவு பண்ண முடியாது, ரத்தமும் ஸ்கேனும்தான் சொல்லும். சில பிள்ளைங்க இடுப்புல பிரச்சனை இருந்தா முழங்கால் வலிக்குதுன்னு சொல்லுவாங்க, இதுவும் எனக்குப் புதுசு, முழங்காலைப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு எத்தனை பேரை அனுப்பியிருப்பேனோ.

கைக்குழந்தைக்கு இன்னும் மோசம், அது சொல்லவே முடியாது. எங்க தங்கச்சி குழந்தையை வெச்சிருக்கிறதுனால டாக்டர்கிட்ட தனியாக் கேட்டேன். ஒரு கையையோ காலையோ அசைக்காம அப்படியே போட்டு வெச்சிருக்கும், பக்கவாதம் வந்த மாதிரி, தூக்கினா அழும், கீழ விட்டா அழுகை குறையும், நாம தூக்கினா சமாதானம் ஆகுறதுதானே வழக்கம், இங்க தலைகீழ். பால் குடிக்காது. பச்சைக் குழந்தைக்கு காய்ச்சலே இல்லாமலும் வரலாம். நம்ம வீட்டுப் பெரியவங்க உரம் விழுந்துருச்சுன்னு சேலையில போட்டு உருட்டுவாங்க, அழுகைக்குக் காரணம் எலும்புல இருந்தா அந்த உருட்டு என்ன பண்ணும்னு யோசிச்சாலே பதறுது. உருவுறவங்களை நான் குத்தம் சொல்லல, என் தாத்தாவுக்கு முதுகுப் பிடிப்பை எடுத்து விட்டவரு கை அத்தனை கை. ஆனா காய்ச்சல் இருக்கிற உடம்புல, வீங்கி சூடா இருக்கிற இடத்துல கை வைக்க மாட்டேன்னு அவங்களே சொல்லணும், நல்ல வைத்தியர் சொல்லவும் சொல்லுவாரு.

என் கிரவுண்ட் சம்பந்தப்பட்ட இன்னொண்ணு ஆணி. ஷூ போட்டிருந்தாலும் ஆணி அதோட அடிப்பாகத்தைத் துளைச்சு உள்ள போகும், டி.டி. ஊசி போட்டதோட முடிஞ்சதுன்னு நினைப்போம், அந்த ஊசி டெட்டனஸைத் தடுக்கும், எலும்புத் தொற்றைத் தடுக்காது. ஷூ சோல்ல ஈரத்துல வாழ்ற சூடோமோனாஸ்னு ஒரு கிருமி ஆணியோட பாதத்து எலும்புக்குள்ள போயிடலாம். காயம் ஆறின மாதிரி ஆகி, ரெண்டு மூணு நாள் நல்லா நடந்து, ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் பாதம் வீங்கி வலிக்குதுன்னா திரும்பப் போயிக் காட்டணும். சாதாரண ஆண்டிபயாடிக் பாதி அதுக்குக் கேக்காது, அதனால ஷூவோட குத்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்ல மறக்கக் கூடாது.

காச நோய் எலும்புலயும் வரும், அது இவ்வளவு வேகமா வராது, பிள்ளைக்கு வாரக் கணக்கா முதுகு வலி, குனிஞ்சு பொருளை எடுக்காம முட்டி போட்டு எடுப்பான், சாயங்காலம் லேசான காய்ச்சல், எடை குறையும், பை கனம்னு நாம சொல்லிக்கிட்டிருப்போம். நம்ம ஊர்ல இதை மனசுல வெச்சுக்கிட்டே ஆகணும். அப்புறம் சிக்கிள் செல்னு பரம்பரையா வர்ற ரத்த நோய் இருக்கிற பிள்ளைங்க, அவங்களுக்கு எலும்புத் தொற்று வர்ற வாய்ப்பு அதிகம், சால்மோனெல்லா கிருமிகூட அவங்க எலும்புல போயி உக்காரும், அதோட அந்த நோயாலயே எலும்பு வலி வர்றதுனால ரெண்டையும் பிரிக்கிறது டாக்டருக்கே கஷ்டம். 2023ல மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்ச பிறகு பழங்குடி மக்கள் இருக்கிற பகுதிங்கள்ல ரத்தப் பரிசோதனை பண்ணி கார்டு குடுக்கிறாங்க. அந்த கார்டு இருக்கிற பிள்ளைக்கு காய்ச்சலோட எலும்பு வலின்னா கார்டை கையோட எடுத்துட்டுப் போகணும்.

ஸ்கூல்ல இப்ப ஒரு பழைய அட்டெண்டன்ஸ் நோட்டுல பின்பக்கம் எழுதி வெச்சுக்கிறேன், யார் நொண்டினாங்க, எந்தக் கால், என்ன தேதி, காய்ச்சல் உண்டா. ரெண்டாவது நாளும் நொண்டினா வீட்டுக்கு போன். முதல்ல சில பேரு சலிச்சுக்கிட்டாங்க, கூலிக்குப் போற இடத்துல வாத்தியார் போன் வந்தா பயந்துதான் போவாங்க. போன மாசம் ஆறாவது படிக்கிற ஒரு புள்ள கால் வலின்னு வந்துச்சு, ஒரு விரல்ல காட்டுன்னேன், ரெண்டு கையையும் ரெண்டு கால் மேல வெச்சு மேல இருந்து கீழ வரைக்கும் தேய்ச்சுச்சு. மறுநாள் காலைல பிரேயருக்கு முன்னாடி நொண்டி ஆடிக்கிட்டிருந்துச்சு. அதையும் நோட்டுல எழுதினேன், சரியாயிடுச்சுன்னு.

பெரியப்பா போயி ஒம்பது வருஷம் ஆகுது. தறியை வித்துட்டாங்க, வீட்டை இடிச்சுக் கட்டிட்டாங்க, தீப்பெட்டி என்னாச்சுன்னு யாருக்கும் தெரியல. அவருக்கு வந்தப்போ பென்சிலின் உலகத்துல இருந்துச்சு, சேலம் டவுன்லயும் இருந்துச்சு. அம்மாப்பேட்டையில இருந்து பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். பத்து நாள் அந்தப் புள்ள வலியில கிடந்தப்போ ஆயாவுக்கு அங்க போகணும்னு சொல்ல ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான் விஷயம்.

போன வாரம் பையனுக்கு செக்கப். வளர்ச்சித் தட்டுக்குப் பக்கத்துல வந்த தொற்றுங்கிறதுனால அந்தக் கால் வளர்றது நிக்குதா, இல்ல மத்ததை விட அதிகமா வளருதான்னு ரெண்டு வருஷமாவது பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. அம்மாவுக்கு எஸ்டேட்ல லீவு கிடைக்கல, நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் டேப்பை இடுப்பு எலும்புல வெச்சு கணுக்கால் வரைக்கும் இழுத்து ரெண்டு காலையும் ரெண்டு ரெண்டு தடவை அளந்தாரு. ஒரே அளவு. கபடிக்கு எப்ப சார்னு கேட்டான், எக்ஸ்ரேவைப் பார்த்துட்டு, அடுத்த மாசத்துல இருந்து மெதுவா ஓடு, ரைடு இப்ப வேண்டாம்னாரு. திரும்பி வர்றப்போ பஸ்ல கூட்டம். ஜன்னல் ஓரம் உக்காந்தவன் மூணாவது வளைவு தாண்டுறதுக்குள்ள என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான், வலது கால் என் முட்டியைத் தாண்டி நடைபாதை வரைக்கும் நீண்டிருந்துச்சு. டிக்கெட் போட்டுக்கிட்டு வந்த கண்டக்டர், "தம்பி, காலை மடக்கிக்கப்பா"ன்னாரு. கண்ணைத் திறக்காமலே மடக்கிக்கிட்டான்.